பீத்தோவன் மறைத்த நோயும் எங்கள் கலைஞர்களின் காதுகளும்

காது கேட்காத ஒருவர் உலகின் மிகப் பெரிய இசையை எழுதினார். பீத்தோவனைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் கதை அநேகமாக இவ்வளவுதான். பரிசளிப்பு விழாப் பேச்சுக்களிலும் சிறுவர் பகுதிகளிலும் இது திரும்பத் திரும்ப வரும். மனம் இருந்தால் எதுவும் தடையில்லை என்பது அதன் நீதி.

வயலின் கற்பிக்கும் ஒருவன் என்ற முறையில் இந்தக் கதை என்னைச் சில காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. வாத்தியக்காரர்களின் காதைப் பற்றி நான் பேச்செடுத்தால் இந்தக் கதைதான் பதிலாக வருகிறது. காதுக்குள் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லும் இளம் தவில் கலைஞரிடம் வைத்தியரிடம் காட்டச் சொன்னால், பீத்தோவனுக்கே காது கேட்கவில்லைத்தானே மாஸ்டர் என்று சிரித்துவிட்டுப் போகிறார். பீத்தோவன் வென்றார், நாங்களும் சமாளிப்போம் என்பது அவருடைய எண்ணம்.

பீத்தோவனின் வாழ்க்கையை ஆறுதலாகப் படித்தால் அந்தச் சிரிப்பு வராது. கேட்கும் சக்தி குறையக் குறைய அவர் எதையெல்லாம் இழந்தார், அதை எத்தனை வருடங்கள் ஊருக்கு ஒளித்தார், ஒளித்ததற்கு என்ன விலை கொடுத்தார் என்பதெல்லாம் அந்த வாழ்க்கையில் இருக்கிறது. அதை எங்கள் கலைஞர்களுக்காகச் சொல்ல விரும்புகிறேன்.

காதும் விரலும்தான் முதல்

லுட்விக் வான் பீத்தோவன் ஜேர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள பொன் நகரத்தில் பிறந்தவர். 1770 டிசெம்பர் 17ஆம் திகதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. தாத்தா அந்த நகரத்து அரசவையின் இசைத் தலைவர். தந்தை அதே அவையில் பாடகர். பரம்பரையாக இசையால் சீவித்த குடும்பம். எங்கள் ஊர்களின் நாதஸ்வர, தவில் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் சூழல் விளங்கும். பிள்ளைக்கு வேறு தொழில் என்ற யோசனையே அங்கு இல்லை.

தந்தை கண்டிப்பானவர், குடிகாரர். மொசார்ட்டைப் போல மகனையும் அதிசயக் குழந்தையாகக் காட்டிப் பணம் சம்பாதிக்க ஆசைப்பட்டார். 1778 மார்ச் 26ஆம் திகதி கொலோன் நகரத்தில் மகனின் முதல் மேடைக் கச்சேரியை வைத்தபோது, ஏழு வயதுப் பையனுக்கு ஆறு வயது என்று விளம்பரம் செய்தார். 13 வயதில் பீத்தோவன் அரசவைத் தேவாலயத்தில் உதவி ஓர்கன் வாத்தியக்காரராகச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார். 1787இல் தாய் இறந்தார். தந்தையின் குடி முற்றியது. 18 வயதில், தந்தையின் சம்பளத்தில் பாதியைத் தன் கையில் தரும்படி அரசவையிடம் கேட்டு வாங்கி, இரண்டு தம்பிமாரையும் பார்த்துக்கொண்டார்.

1792 நவம்பரில் வியன்னாவுக்குப் போய் ஹைடனிடம் பாடம் கேட்டார். வியன்னாவில் முதலில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பியானோ வாசிப்புத்தான். எங்கள் வித்துவான்கள் ராக ஆலாபனையை அந்த நேரத்தில் மனதில் எழுவதை வைத்து விரிப்பதைப் போல, அவரும் எழுதி வைக்காத இசையை உட்கார்ந்த இடத்திலேயே கட்டி எழுப்புவார். பிரபுக்களின் மாளிகைகளில் அவரோடு போட்டிக்கு வந்தவர்கள் தோற்றுப் போனார்கள். வாசிப்பு, கற்பித்தல், பிரபுக்களின் ஆதரவு ஆகியவற்றால் சீவியம் நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் காதும் விரலும்தான் முதல்.

இரவு பகலாக இரைச்சல்

அந்தக் காது 1798ஆம் ஆண்டளவில் பழுதாகத் தொடங்கியது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1801 ஜூன் இறுதியில் பொன் நகரத்துப் பால்ய நண்பரான வைத்தியர் வேகெலருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் முதல்முறையாக மனம் திறந்தார். இரவு பகலாகக் காதுக்குள் இரைச்சல். தூரத்தில் இருந்தால் வாத்தியங்களின், பாடகர்களின் மேல் ஸ்வரங்கள் விழுவதில்லை. அரங்கில் நடிகர்கள் பேசுவது விளங்க, வாத்தியக் குழுவுக்கு மிக அருகில் போய்ச் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மெதுவாகப் பேசுபவரின் குரல் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. யாராவது கத்தினாலோ தாங்க முடியாது.

காது வைத்தியம் படித்தவர்கள் இந்த விவரிப்பை உடனே அடையாளம் காண்பார்கள். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க் கலங்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்குச் செய்தியாக மாற்றுபவை அவைதான். மனிதனில் அவை ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. பொதுவாக மேல் ஸ்வரங்களுக்கு உரிய கலங்களே முதலில் போகும். சின்னச் சத்தம் கேட்காமல் போக, பெரிய சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் காதைக் குத்தும்.

பீத்தோவனுக்கு இது ஏன் வந்தது என்பதற்கு இன்றும் முடிவான விடை இல்லை. அவருடைய தலைமயிரின் மரபணுவை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்விலும் காதுக்கான காரணம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வெளியான இன்னொரு பரிசோதனை, மயிரில் ஈயம் மிக அதிகமாக இருந்ததைக் காட்டியது. ஆகவே வாசித்த சத்தம்தான் அவரைச் செவிடாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கவனிப்பது, நோய் வந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை.

அவர் மறைத்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள் விருந்துகளையும் கூட்டங்களையும் தவிர்த்தார். தனக்குக் காது கேட்கவில்லை என்று மற்றவர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு தொழில் என்றால் பரவாயில்லை, இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்வது, போட்டிக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதே அவரது கவலை. யோசனையில் ஆழ்ந்திருக்கும் மனிதர் என்று ஊர் ஏற்கெனவே நினைத்திருந்தது அவருக்கு வசதியாகப் போனது. பதில் வராவிட்டால் ஏதோ ஞாபகத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். சில நாட்களின் பின் இன்னொரு நண்பரான அமெண்டாவுக்கு எழுதியபோதும், இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. காது மந்தம் என்று தெரிந்தால் அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயப்படும் கலைஞர்களை நான் அறிவேன். பக்கவாத்தியக்காரருக்கு இது இன்னும் பெரிய பயம். பாடகரின் சங்கதியைக் காது பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை பரவினால் போதும்.

பாதாம் எண்ணெயும் மரப்பட்டையும்

மறைத்தாலும் வைத்தியம் தேடாமல் இல்லை. ஒரு வைத்தியர் வயிற்றுக்கு மருந்தும் காதுக்குப் பாதாம் எண்ணெயும் கொடுத்தார். காதில் மாற்றம் இல்லை. வெரிங் என்ற வைத்தியர் டானியூப் நதித் தண்ணீரில் வெதுவெதுப்பான குளியலும் குளிகைகளும் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளிலும் ஒரு செடியின் பட்டையை வைத்துக் கட்டி, தோலைக் கொப்பளிக்க வைத்தார். கெட்ட நீர் வெளியேறினால் காது தெளியும் என்பது அக்கால நம்பிக்கை. அந்த வலியோடு சில நாட்களுக்குக் கைகளை அசைக்கவும் முடியாது. பியானோக்காரர் ஒருவரின் காதைக் காப்பாற்ற அவரது கைகளைக் கட்டிப் போட்டார்கள்! மின்சாரம் பாய்ச்சிக் குணமாக்கலாமா என்றுகூட அவர் வேகெலரிடம் விசாரித்தார்.

200 வருடங்களுக்கு முந்தைய வைத்தியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதாம் எண்ணெய் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது, நல்லெண்ணெய் என்றும் உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் என்றும். காது அடைத்தால் முதலில் கை போவது அந்தப் போத்தலுக்குத்தான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிக் கிருமித் தொற்றை உண்டாக்கலாம். சூடு அதிகமானால் சுட்டுவிடும். உட்காதின் மயிர்க் கலங்களுக்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது.

காதுக் குறும்பியைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். அது அழுக்கு இல்லை. காதுத் துவாரத்தின் தோலைப் பாதுகாக்க உடல் செய்துவைக்கும் பொருள், பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சி, நெருப்புக்குச்சி, கொண்டை ஊசி, சாவி எல்லாம் அதை உள்ளே தள்ளி இறுக்கத்தான் செய்யும். செவிப்பறையைக் கிழித்தாலும் கிழிக்கும். கச்சேரிக்கு முதல் நாள் காதைக் குடைந்துவிட்டு, மேடையில் ஒரு பக்கம் அடைத்துப் போய் சுருதி பிடிக்கத் தடுமாறுபவர்கள் உண்டு. குறும்பி இறுகியிருந்தால் வைத்தியரிடம் போய் எடுப்பதே பாதுகாப்பு.

ஹைலிகன்ஸ்டாட் கிராமம்

1802இல் ஷ்மிட் என்ற வைத்தியர் காதுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். பீத்தோவன் வியன்னாவுக்கு வெளியே, இப்போது அந்நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட ஹைலிகன்ஸ்டாட் கிராமத்தில் போய்த் தங்கினார். அங்கே நடை போகும்போது கூட வந்தவருக்கு இடையனின் குழல் கேட்டது, இவருக்குக் கேட்கவில்லை. அந்த அவமானத்தை அவரால் மறக்க முடியவில்லை. ஒக்டோபர் 6ஆம் திகதி தம்பிமாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, நான்கு நாட்கள் கழித்து ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். உயிரை விட்டுவிடும் எண்ணம் வரை போனதையும், எழுத வேண்டிய இசை மிச்சம் இருந்ததால் அதிலிருந்து திரும்பியதையும் அதில் சொன்னார். தன்னைப் பிடிவாதக்காரன், மனிதரை வெறுப்பவன் என்று ஊர் சொல்வதன் உண்மைக் காரணம் காது என்பதையும் எழுதினார். தான் இறந்த பிறகு வைத்தியர் ஷ்மிட் தன் நோயை விவரித்து எழுத வேண்டும், அதை இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவில்லை. இறந்த பிறகு அவரது காகிதங்களுக்குள் இருந்து அது எடுக்கப்பட்டது. ஷ்மிட் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்.

தலையணையால் மூடிய காதுகள்

1809 மே மாதம் நெப்போலியனின் படை வியன்னாவை முற்றுகையிட்டுப் பீரங்கியால் அடித்தது. பீத்தோவன் தம்பி காஸ்பரின் வீட்டு நிலவறையில் பதுங்கினார். குண்டுச் சத்தம் காதில் மிச்சமிருக்கும் சக்தியையும் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் தலையணைகளால் காதுகளை மூடிக்கொண்டு அந்த இரவைக் கழித்தார். அவருடைய மாணவர் ரீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பீத்தோவனின் வாழ்க்கையில் எனக்கு மிக நெருக்கமாகப் படுவது இந்த இடம். பங்கருக்குள் இருந்து ஷெல் சத்தம் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அம்மாமார் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டிருந்ததை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். வெடிப்பின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கக்கூடியது. உட்காதையும் ஒரே கணத்தில் பழுதாக்கக்கூடியது. போருக்குப் பிறகு ஒரு பக்கம் மந்தமான காதோடு சீவிக்கிறவர்களை எங்கள் ஊர்களில் காண்பது கடினமில்லை. அவர்களில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே அடி வாங்கிய காதுக்கு மேடைச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கைவிட்டுப் போனவை

ஹைலிகன்ஸ்டாட்டுக்குப் பிறகுதான் பீத்தோவனின் பெரும் படைப்புகள் பல வந்தன என்பது உண்மை. மூன்றாம் சிம்பொனியும் ஐந்தாம் சிம்பொனியும் அப்போது பிறந்தவை. கேட்காத காதோடு அவர் எழுதியதற்கு அற்புதம் எதுவும் காரணமில்லை. நான்கு வயதளவில் தொடங்கி 20 வருடங்களுக்கு மேல் நல்ல காதோடு கற்றிருந்தார். ஒரு ஸ்வரத்தைத் தாளில் பார்த்தால் அது மனதுக்குள் ஒலிக்கும். அந்த உட்காட்சியில் இருந்து எழுதினார். மேடையில் கூட வாசிப்பவரின் தாளத்தை அந்தந்தக் கணத்தில் பிடிக்க வேண்டிய தவில்காரருக்கோ மிருதங்கக்காரருக்கோ அப்படி ஒரு மாற்றுவழி கிடையாது.

பீத்தோவனுக்கும் மேடையில் மாற்றுவழி கிடைக்கவில்லை. 1808 டிசெம்பர் 22ஆம் திகதி நான்காவது பியானோ கொன்சேர்ட்டோவை வாசித்ததற்குப் பிறகு, கொன்சேர்ட்டோவின் தனி வாத்தியக்காரராக அவர் மேடை ஏறவில்லை. ஐந்தாவதை எழுதினார். அதை 1811இல் லைப்சிக்கிலும் 1812இல் வியன்னாவிலும் முதலில் வாசித்தவர்கள் வேறு ஆட்கள். 1814இல் அவரது ஒத்திகையைக் கேட்ட வயலின் கலைஞர் ஸ்போர், சத்தமான இடங்களில் தந்திகள் அலறும்படி அடித்ததையும், மெதுவான இடங்களில் விரல் பட்டும் ஸ்வரமே எழாமல் போனதையும் எழுதி வைத்தார். பியானோவின் சுருதி கலைந்திருந்ததும் வாசித்தவருக்குத் தெரியவில்லை. வியன்னாவே வியந்த பியானோக்காரர் அவர்.

மெல்ட்செல் என்ற பொறியாளர் அவருக்குக் குழல் போன்ற கேள் கருவிகளைச் செய்து கொடுத்தார். அவற்றை இன்று பொன் நகரத்தில் அவர் பிறந்த வீட்டு நூதனசாலையில் பார்க்கலாம். 1818ஆம் ஆண்டளவில் அவையும் போதாமல் போக, வருபவர்கள் சொல்ல வந்ததைக் கொப்பிகளில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அதனால் மிஞ்சியிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கொப்பிகளில் மற்றவர்களின் பேச்சுத்தான் அதிகம் இருக்கிறது.

1824 மே 7ஆம் திகதி ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது. பீத்தோவன் மேடையில் நின்று தாளம் காட்டினார். ஆனால் அவரைப் பார்க்க வேண்டாம், உம்லாவுப் என்ற நடத்துநரைப் பாருங்கள் என்று வாத்தியக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சபை கைதட்டியபோது அவர் அதைக் கேட்கவில்லை. பாடகி கரோலினா உங்கர் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் அசைந்த கைகளைக் கண்டார். இதைத்தான் நாங்கள் வெற்றியின் காட்சியாகச் சொல்கிறோம். எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

1827 மார்ச் 26ஆம் திகதி, 56 வயதில் இறந்தார். கொலோனில் முதன்முதலாக மேடை ஏறி அன்றைக்குச் சரியாக 49 வருடங்கள். மறுநாள் நடந்த பிரேத பரிசோதனையில் அவரது செவி நரம்புகள் சுருங்கிப் போயிருந்தது பதிவானது.

எங்களால் செய்யக்கூடியது

பீத்தோவனின் நோய்க்கு அன்று தடுப்பு இருக்கவில்லை. சத்தத்தால் வரும் காது மந்தத்துக்கு இன்று தடுப்பு இருக்கிறது. எங்கள் ஊர்களில் ஒலிபெருக்கியைப் பற்றிப் பேச்சு எழுவது பரீட்சைக் காலத்தில்தான். ஒலிபெருக்கிக்கு ஆக அருகில், மணிக்கணக்காக இருப்பவர்கள் கலைஞர்களே. அவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வேலைத்தளங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் எல்லை, 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 94 டெசிபலில் ஒரு மணித்தியாலம், 100 டெசிபலில் 15 நிமிடம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் ஏறத்தாழ 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விடிய விடிய நடக்கும் மேளச்சமாவையும், திருமண மண்டபத்து இசைக்குழுவையும், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

கச்சேரி முடிந்து காது அடைத்தாற்போலவும் இரைவதாகவும் இருந்தால் அது எச்சரிக்கை. பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு நாள் தெளியாமல் நின்றுவிடும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் நாள் கடத்தாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடனே மருந்து தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

வாத்தியக்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட காது அடைப்பான்கள் உண்டு. அவை எல்லா ஸ்வரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் சுருதியும் நாதமும் கெடாது, சத்தம் மட்டும் இறங்கும். சாதாரண நுரை அடைப்பான் மேல் ஸ்வரங்களை அதிகம் விழுங்கிவிடும். ஆனாலும் ஒன்றுமில்லாததைவிட அது நல்லது. வெறும் பஞ்சு பெரிதாக உதவாது. அடைப்பானைக் கை கழுவிவிட்டுப் போட வேண்டும், துப்புரவாக வைத்திருக்க வேண்டும், இன்னொருவரோடு பகிரக்கூடாது. காதில் சீழோ வலியோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் போடவும் கூடாது. ஒத்திகையில் அடைப்பான் போட்டுப் பழகினால் மேடையில் கூச்சம் இருக்காது. ஒலிபெருக்கிப் பெட்டியைக் கலைஞரின் காதுக்கு நேரே வைக்காமல் தள்ளி வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கோயில் நிர்வாக சபைகளுக்கும் இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கும் கற்பிக்கும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு கலைஞர் காதில் அடைப்பானோடு மேடையில் இருந்தால் அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். காது மந்தம் என்று சொல்பவருக்கு அடுத்த அழைப்பை நிறுத்தாதீர்கள். அந்தப் பயம் போனால்தான் ஆட்கள் நேரத்தோடு வைத்தியரிடம் போவார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம், அரங்கேற்றத்துக்கு முன் ஒருமுறை காது மூக்கு தொண்டை சிகிச்சைப் பிரிவில் கேட்டல் பரிசோதனை செய்து அந்தத் துண்டைப் பத்திரமாக வைக்கும்படி சொல்லி வருகிறேன். பத்து வருடம் கழித்து என்ன குறைந்திருக்கிறது என்று பார்க்க அது தேவைப்படும்.